ஒத்தையில வச்சாத்தான் கூப்பிடும்

செத்த கால தள்ளி வச்சுக்கம்மா. கூடையில பட்டுரும். இல்ல இல்ல, நீ எந்திரிக்க வேணாம், உக்காரு. கால மட்டும் அந்தப் பக்கமா வச்சுக்க, அது போதும்.

கோழிதான். கண்டக்டர்கிட்டயும் அப்புடித்தான் சொல்லியிருக்கேன். அவன் கோழிக்கும் டிக்கெட் எடுங்கறான். ஏன்டாப்பா, அதுக்கு சீட்டு குடுப்பியா, ஜன்னலோரமா உக்கார வைப்பியான்னு கேட்டேன். வாய மூடிக்கிட்டுப் போயிட்டான்.

நீ எந்த ஊரு? வாய்மேட்டு ஆசுபத்திரிக்கா? அட, புதுசா வந்துருக்குற நர்சம்மாவா. ஒண்டியாவா தங்கியிருக்க? அய்ய, ராத்திரியில பயமா இருக்காது? இருக்கட்டும், அத அப்பறம் பேசுவோம். நீ பாரஸ்ட் ஆபீசு ஆளு இல்லையே? அது போதும். கிட்ட வா. காதும் காதும் வச்ச மாதிரி இருக்கட்டும். இது கோழி இல்ல. சிறவி.

சிறவி தெரியாதா? காட்டு வாத்தும்மா. நம்ம வூட்டு வாத்துல பாதிதான் இருக்கும், செம்பழுப்பா. மழ பேஞ்சு உப்பளத்துல உப்புத்தண்ணியும் மழத்தண்ணியும் ஒண்ணாக் கலந்து முழங்காலுக்கு நின்னுச்சுன்னா, கூட்டங்கூட்டமா வந்து எறங்கும். நாங்க இருக்குறது அந்த அளத்தங்கரையிலதான். கடைசி வூடு எங்க வூடு. அதத் தாண்டுனா சேறு, சேத்தத் தாண்டுனா கடலு. பக்கத்துல ரெண்டு குடும்பம் இருந்துச்சு, புயலுக்கப்பறம் அவங்களும் ரோட்டுப் பக்கம் வூடு கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

சிறவி புடிக்கிறதுதான் எங்க பொழப்பு. எங்க பொழப்புன்னா, எனக்கும் என் தம்பிக்கும். வைரக்கண்ணு. வைரம் வைரம்னுதான் கூப்பிடுவேன். எங்கம்மா கண்ண மூடுறப்ப அவன் கைப்புள்ள, நாந்தான் ஊட்டி வளத்தேன். என்னையக் கட்டிக் குடுத்த எடத்துலயும் அவனாலதான் இருக்க முடியல. புருஷன்காரன், ஒனக்குத் தம்பி வேணுமா நான் வேணுமான்னான். கேக்குற கேள்வியா அது? பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்பறம் அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கல.

துப்பாக்கியெல்லாம் கெடையாதும்மா. துப்பாக்கி வெடிச்சா பாரஸ்ட்காரனும் வந்துருவான், சிறவியும் போயிரும். எங்க வேல வேற மாதிரி. தண்ணிக்கடியில வலையப் பரப்பி வச்சுருவோம். நடுவுல ஒரு குச்சிய அடிச்சு, பழக்குன சிறவி ஒண்ணக் காலுல கயிறு கட்டி விட்டுருவோம். அது கத்தும். மேல பறக்குற கூட்டத்துக்கு அது கேக்கும். நம்மாளு ஒண்ணு கீழ கெடக்குதேன்னு அம்புட்டும் எறங்கும். கரையில வரப்போட வரப்பா வைரம் படுத்துருப்பான். கயித்த ஒரே இழுப்பு. வலை கவுந்துரும். அவ்வளவுதான். அவன் வேல கயிறு இழுக்கறது. என் வேல அந்தக் கத்துற சிறவியப் பாத்துக்கறது. அதுக்குப் பேரே வாயாடின்னுதான் வச்சுருந்தோம்.

கயிறு யாரு வேணா இழுக்கலாம். ஒரு சிறவியக் கத்த வைக்கிறது இருக்கு பாரு, அதுலதான் வித்தையே இருக்கு. ஒத்தையில வச்சாத்தாம்மா அது கூப்பிடும். கூட இன்னொண்ணு இருந்துச்சுன்னு வையி, வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி கம்முனு கெடக்கும். அது எதுக்குக் கூப்பிடணும், பக்கத்துலதான் ஆளு இருக்கே. அதனால கோழி, வாத்து எதையும் நான் வூட்டுல சேக்கறதில்ல. பஞ்சாரக் கூடையக் கவுத்து மூடி, சுத்திப் பாயக் கட்டிருவேன். தண்ணி வைக்கிற சட்டியில கூட அடியில கொஞ்சூண்டுதான் ஊத்துவேன். நெறய ஊத்துனா அதோட நெழலு அதுல தெரியும். தொணைக்கு ஒண்ணு வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு நாளெல்லாம் அந்தச் சட்டியவே பாத்துக்கிட்டு உக்காந்துரும். சிரிக்காத, நான் கண்ணால கண்டது.

என்ன கேட்ட? தம்பிக்குக் கல்யாணமா? ஆவல. அட, நான் பாக்காமலா இருந்தேன்? எத்தனை எடம். கருப்பம்புலத்துல ஒண்ணு. நல்ல பொண்ணுதான். ஆனா கால் மேல கால் போட்டு டிவி பாத்துக்கிட்டிருந்துச்சு, நான் போயி நின்னும் எறக்கல. வேணாம்னுட்டேன். தகட்டூர்ல ஒண்ணு. பொண்ணு தங்கம், அவ அம்மாக்காரிதான், கட்டிக்கிட்டுப் புள்ளைங்க தனியா இருக்கட்டும், பக்கத்துலயே ஓட்டு வூடு ஒண்ணு காலியாக் கெடக்குதுன்னா. தனியாவா? அப்ப நான்? எந்திரிச்சு வந்துட்டேன், வச்ச காப்பியக் கூடத் தொடல. அப்பறம் ஒருத்தி, சிறவி நாத்தம் ஒத்துக்காதாம். அளத்தங்கரைக்கு வாழ வர்றவளுக்கு மூக்கு என்னத்துக்கு? நீயே சொல்லு.

வைரம் எதுக்கும் எதுத்துப் பேச மாட்டான். ஒன் இஷ்டம் அக்கான்னுவான், வலையத் தூக்கிக்கிட்டுப் போயிருவான். அவனுக்கும் கல்யாணத்துல இஷ்டமில்லதான். வாயத் தொறந்து சொல்லணுமா, அவன் மனசு எனக்குத் தெரியாதா? இப்ப நாப்பதத் தாண்டிருச்சு. முன்தலையெல்லாம் முடி போயிருச்சு. எனக்கு அவன், அவனுக்கு நானுன்னு நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு.

போன வருஷம் கார்த்திகையில வந்துச்சும்மா கேடு. எடும்பாவனத்துல எங்க சின்னாயி வூட்டுல ஒரு சாவு. நான் போயிட்டுக் காரியம் முடிஞ்சுதான் வந்தேன். தெருமொனைக்கு வரும்போதே தெரிஞ்சு போச்சு. சத்தம் இல்ல. அந்த வாயாடி கத்துறது எப்பவும் ரோடு வரைக்கும் கேக்கும், அதக் கேட்டுக்கிட்டுதான் நான் வூட்டுக்கு வழியே நடப்பேன். செத்துப் போச்சோன்னு நெனச்சுட்டேன். ஓடிப் போயிப் பாய விலக்குனா, உள்ள ரெண்டு இருக்கு.

ரெண்டும்மா! ரெண்டாவது சிறவி ஒண்ணு, றெக்கையில அடி. வலையில மாட்டுனத கழுத்தத் திருகாமக் கொண்டாந்து உள்ள வுட்டுருக்கான். அது வாயாடியோட கழுத்துல கோதிக்கிட்டு நிக்கிது. இவ கண்ண மூடிக்கிட்டு சொகமா நிக்கிறா. அடக் கருமமேன்னு எனக்கு வந்துச்சு பாரு கோவம்.

வைரம் சோறு திங்க ஆரம்பிச்சிருந்தான். அவன் முன்னால போயி நின்னு, ஏன்டா, ஒனக்கு அறிவு இருக்கா, சீசன் நேரத்துல எவனாச்சும் இப்புடி ஜோடி சேத்து வுடுவானான்னு கேட்டேன். அவன் தட்டப் பாத்துக்கிட்டே, இருந்துட்டுப் போவட்டுங்க்கா, எத்தனை வருஷமாக் கத்துதுன்னான். கத்தத்தானடா வளக்குறோம்னேன். அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சான், வாய் ஒரு பக்கமாப் போச்சு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

நானும் பொறுத்துப் பாத்தேன்மா. நான் என்ன கல்லா? றெக்க ஆறட்டும், தானாப் பறந்து போயிரும்னு வுட்டேன். போவல. றெக்க ஆறியும் போவல. வலைக்குக் கொண்டு போனா வாயாடி குச்சியில கட்டுன கட்டுல அப்புடியே உக்காந்துருக்கா, வாயே தொறக்கல. எப்படா வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்கன்னு கரையவே பாத்துக்கிட்டிருக்கா. மேல கூட்டங்கூட்டமா சிறவி போவுது, அந்தப் பக்கம் அடுத்தவன் வலையில போயி எறங்குது. இவன் என்னடான்னா கயித்தத் தரையில வச்சுட்டு, மல்லாந்து படுத்துக்கிட்டு வானத்தப் பாக்குறான்.

மறுநா அவன் வல அலசப் போயிருந்தான். நான் பஞ்சாரத்தத் தொறந்தேன். அடிபட்டு வந்ததப் புடிச்சு வெளிய எடுத்தேன். கொழம்பு வச்சேன்.

நல்லாத்தாம்மா வச்சேன். சின்ன வெங்காயம் வதக்கி, மொளகு தூக்கலாப் போட்டு, தேங்காப்பால் ஊத்தி, அவனுக்குப் புடிச்ச பக்குவத்துல. எல போட்டு வச்சேன். அவன் வரப்புல வரும்போதே வாயாடி கத்துறது கேட்டுருக்கும் போல. அப்புடிக் கத்துனா அவ, அம்புட்டு நாளு அடக்கி வச்சுருந்ததெல்லாம் சேத்து. எனக்கு சந்தோஷந்தான், கொரலு திரும்ப வந்துருச்சேன்னு. இவன் ஓடியாந்தான். பஞ்சாரத்தப் பாத்தான். எலையப் பாத்தான். என்னக்கா பண்ணுனன்னான். உக்காந்து சாப்புடுன்னேன்.

உக்காந்தான். சோத்துல கை வைக்கல. அக்கா, நான் ஒண்ணு சொல்லவான்னான். மொதல்ல சாப்புடு, ஆறிப் போவுதுன்னேன். அவன் எந்திரிச்சான். எலைய மூடுனான், கொடியில கெடந்த சட்டைய ஒதறி மாட்டுனான். எங்கடான்னேன். வரேங்க்கான்னான்.

வரேன்னுதான சொன்னான்? போறேன்னு சொல்லலயே. நான் கொழம்ப மறுநாளு வரைக்கும் சுட வச்சு சுட வச்சு வச்சுருந்தேன்.

ஒரு கொழம்புக்கா கோச்சுக்கிட்டுப் போவான் ஒரு மனுஷன்? வருஷா வருஷம் சிறவியத்தான் புடிக்கிறோம், சிறவியத்தான் திங்கிறோம். இது என்ன புதுசா? நீயே சொல்லு. இன்ன வரைக்கும் யாருகிட்டயும் இத நான் கேக்கல. ஒன்னத்தான் கேக்குறேன்.

சரி, அத வுடு. கேளு.

அவன் போயி கொஞ்ச நாளு கழிச்சுத்தான் தெரிஞ்சுது. வாய்மேட்டுல இருக்கானாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பூங்கோதைன்னு ஒருத்தி இடியாப்பக் கட வச்சுருக்கா. புருஷன் செத்தவ, ஒரு பொட்டப்புள்ள இருக்கு. அவளோட இருக்கானாம். இன்னிக்கு நேத்து பழக்கம் இல்லயாம், பல வருஷமாவாம். ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சுருக்கு. எனக்கு மட்டும் தெரியல. அக்காகிட்ட சொல்ல பயந்துக்கிட்டு இருந்தானாம். என்கிட்ட என்னம்மா பயம்? நான் என்ன புலியா?

அந்தப் பூங்கோதை ஒரு தரம் எங்க வூட்டுக்கே வந்துருக்காம்மா. அப்ப யாருன்னு எனக்குத் தெரியாது. சிறவி வாங்க வந்தவன்னு நெனச்சு, எத்தனை வேணும்னேன். ஒண்ணும் வேணாங்க்கா, சும்மா ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்னா. சும்மா வந்து பாக்க நான் என்ன தேரா திருவிழாவா? வேல கெடக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒரு பை நெறய வாழப்பழம் கொண்டாந்துருந்தா, அதையும் எடுத்துக்கிட்டுப் போன்னு கையில குடுத்துட்டேன். வைரம் அப்ப கொல்லையிலதான் நின்னான். உள்ள வரவே இல்ல.

இந்த வருஷம் மழ கொட்டித் தீத்துருச்சு பாத்தியா. அளம் பூராத் தண்ணி. சிறவி வந்துருக்கு பாரு, அம்மாடி, நான் பொறந்ததுலேருந்து இப்புடிக் கண்டதில்ல. வாயாடியும் கத்துறா. முன்னாடி கத்துனதெல்லாம் ஒரு கத்தா? இப்ப விடிய விடியக் கத்துறா. கூட்டம் எங்க வூட்டு வாசத்தண்ணியிலயே வந்து எறங்குது. கயிறு இழுக்கத்தான் ஆளு இல்ல. நான் வாசப்படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அதுங்க செத்த நேரம் பஞ்சாரத்தச் சுத்திச் சுத்தி வரும். அப்பறம் எல்லாமா ஒண்ணாக் கெளம்பிப் போயிரும். அப்பறம் நானும் அவளுந்தான்.

பொழுது போனா ஒரு மனுஷக் கொரலு இல்லம்மா அங்க. பயமா இருக்கு. பேய் பிசாசு பயமில்ல. காச்சல்ல கெடந்தேன்னா ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்லையேன்னு ஒரு பயம். படுத்துக்கிட்டே வைரம்னு கூப்பிட்டுப் பாப்பேன். பழக்கம், வேற என்ன. வாயாடிதான் பதிலுக்குக் கத்துவா. இப்பல்லாம் அவளுக்குச் சட்டி நெறயத் தண்ணி ஊத்தி வச்சுடறேன். எட்டிப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டுமேன்னு. அதுல கூட ஒண்ணும் அடங்கல அவ.

போன மாசமும் இதே பஸ்ஸுல வந்தேன். வாய்மேட்டுல எறங்கல. ஜன்னல் வழியாப் பாத்தேன், கட நல்லாத் தெரிஞ்சுது. வைரம் இடியாப்பம் புழிஞ்சுக்கிட்டிருந்தான். வல இழுத்த கையி, லேசாப் புழியிறான். அந்தப் பொட்டப்புள்ள அவன் முதுகுல சாஞ்சு நின்னுக்கிட்டு, அவன் வழுக்கையில மாவத் தொட்டுப் பொட்டு வச்சு விடுது. அவன் ஏதோ சொல்றான், மூணு பேரும் சிரிக்கிறாங்க. பல்லு தெரிய அவன் சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா. அவனுக்குச் சிங்கப்பல்லு இருக்குன்னே அன்னிக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. வயிறு எரிஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். நாந்தானே அவனை வளத்தேன், எனக்கு ஏன் அந்தச் சிரிப்ப ஒரு நாளும் காட்டலன்னு. அதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிருச்சு. கடைசி வரைக்கும் போயி, அதே பஸ்ஸுல வூட்டுக்குத் திரும்பிட்டேன்.

இன்னிக்கு எறங்குவேன். அதுக்குத்தான் இவளத் தூக்கிட்டு வந்துருக்கேன். என்ன சொல்றதுன்னும் வச்சுருக்கேன். வைரம், வாயாடிக்கு நல்லா கொரலு வந்துருச்சு, இந்த சீசனுக்கு மட்டும் வந்து கயிறு இழுத்துக் குடுத்துட்டுப் போடா. அவ்வளவுதான். வூட்டுக்கு வாடான்னு சொல்ல மாட்டேன். கயிறு இழுக்க வான்னுதான் சொல்லுவேன். நான் என்ன கெஞ்சவா போறேன்?

இந்தா, ஆரம்பிச்சுட்டா. கேட்டியா? சீக்கீ, சீக்கீன்னு. எப்புடி இருக்கு பாரு. துணிய மூடுனாலும் நிக்காது. யோவ், என்னய்யா எல்லாரும் திரும்பிப் பாக்குறீங்க, கோழி கத்துனதே கேட்டதில்லையா? கண்டக்டர் தம்பி, ஒன் வேலயப் பாரு! எங்கூருக் கோழி இப்புடித்தான் கத்தும்!

எங்க வந்துருக்கோம்? தகட்டூரா? அதுக்குள்ளயா? அப்ப அடுத்தது வாய்மேடு.

இந்தா பாரும்மா. நீ எப்புடியும் அங்கதான எறங்குற. இந்தக் கூடைய எடுத்துக்கிட்டுப் போயி அந்த இடியாப்பக் கடையில குடுத்துரு. இல்ல, நான் எறங்கல. கால் வரமாட்டேங்குது. காலுக்கு ஒண்ணுமில்ல, நீ ஊசி எதுவும் போட வேணாம். நான் எறங்கிப் போயி நின்னு, அவன் வா அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லலன்னா? நடுரோட்டுல இந்தக் கூடையோட நான் எங்க போயி நிப்பேன்? சொல்லு. இவளுக்காச்சும் கத்துனா கூட்டம் எறங்குது.

பயப்படாத, கொத்தாது. அடியில கை குடுத்துப் புடி. ஆங், அப்புடித்தான். எப்புடி வச்சுக்கணும்னு கேட்டா, ஒத்தையில வைக்கச் சொல்லு. ஒத்தையில வச்சாத்தான்... வேணாம். அத சொல்லாத. அவன் எதோட வேணாச் சேத்து வச்சுக்கட்டும்.

அக்கா எங்கன்னு கேப்பான். கேப்பான்மா, கேக்காம இருக்க மாட்டான். கேட்டா, பஸ்ஸுலதான் இருக்குன்னு சொல்லு. ஜன்னலோரமா உக்காந்துருக்குன்னு சொல்லு. டிரைவரு இங்க எறங்கி டீ குடிப்பாரு, அது வரைக்கும் பஸ்ஸு நிக்கும்னு சொல்லு. செத்த சத்தமா சொல்லும்மா, காலை நேரம், கடையில கூட்டமா இருக்கும்.